முப்பத்தேழாவது கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வேலைக்குப் போகும்போது நான் நல்ல மனுஷி. மாலையில் திரும்பி வரும்போது நூற்றுக்கு முப்பத்தொன்று.

மேட்ரன் இன்று பிரிவுத் தலைமையில் இருக்கும் எல்லோரையும் கணினி அறையில் உட்கார வைத்துவிட்டார். ஆளுமைச் சோதனையாம். அறுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை. நம்மைப் பற்றி நாமே குறி போட வேண்டும். முடித்ததும் திரையில் மதிப்பெண் வந்து நிற்கிறது. ஒழுங்கு: 97. அதுவே எனக்கு உறுத்தல்தான், மீதி மூன்று எங்கே போனது? அதற்குக் கீழே, இணக்கம்: 31.

முப்பத்தொன்றா! பதினெட்டு வருடமாக இந்த மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவியில் சுத்திகரித்து ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புகிற பிரிவில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக நான்தான் தலைமை. யாரிடமும் சண்டை போட்டதில்லை. யாராவது சரியாக அடுக்கவில்லை என்றால்கூட சத்தம் போடாமல் நானே பிரித்து மறுபடி அடுக்கிவிடுவேன். இதைவிட என்ன இணக்கம் வேண்டும்?

பயிற்சிக்கு வந்தவர் கட்டை மீசைக்காரர், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார். "இதுல பாஸ், பெயில் எதுவும் கிடையாதுங்க. உங்கள நீங்க தெரிஞ்சுக்கத்தான்." அதே கேள்விகளை உங்களோடு வாழ்பவர்களிடமும் வேலை செய்பவர்களிடமும் கொடுத்து, உங்களைப் பற்றிக் குறி போடச் சொல்லுங்கள் என்று இன்னொரு தாளும் கொடுத்தார். அதை மடித்துப் பைக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நம்முடைய முடிவை அச்செடுத்து மேட்ரனிடம் தர வேண்டுமாம்.

மார்ச் 5, புதன்

மகளின் கணினியில் மறுபடி எழுதினேன். நேற்று அவசரத்தில் போட்டது, கேள்விகளை ஒழுங்காகப் படிக்கவில்லை. இன்று இணக்கம் 58. பார், அதானே.

மார்ச் 6, வியாழன்

மூன்றாவது தடவை. இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாக, எது சரியான பதில் என்று யோசித்துக் குறி போட்டேன். இணக்கம் 84. இதுதான் நான். அச்செடுத்து, ஓரம் மடங்காமல் உறையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

தாளைக் கொடுக்கப் போனேன். மேட்ரன் பார்த்தார். "இணக்கம் எண்பத்தி நாலா?" என்றார். அவ்வளவுதான். பிறகு மேசை மேலிருந்த வேறொரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நெட்டை மாற்றல் கேட்டிருக்கிறாள்.

என் பிரிவிலேயே கை சுத்தமான வேலைக்காரி அவள்தான். ஆறடி உயரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள், இப்போது போனை எடுத்தாலும் "நெட்டை பேசறேன்" என்கிறாள். ஐந்து வருடம் என் பக்கத்து மேசையில் நின்றவள். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்றுகூட, "அக்கா, தலைவலியா? முகம் வாடியிருக்கே" என்று கேட்டாளே.

மேட்ரன் குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு வருஷத்துல உங்ககிட்டேருந்து போற மூணாவது ஆள் இவ. மாசக் கடைசியில கையெழுத்து போட்டுடுவேன். அதுக்கப்புறம் அந்தப் பிரிவ யாரு பாக்கறதுங்கறதையும் நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

அந்தப் பிரிவு இல்லாவிட்டால் நான் யார்?

மார்ச் 8, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. நன்றி கெட்டவள். நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?

மார்ச் 10, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

தினமும் காலையில் முதல் சுமை ஏற்றுவதற்கு முன்னால் ஆட்டோகிளேவை, அதாவது நீராவியில் சுத்திகரிக்கிற இயந்திரத்தை, ஒரு சுற்று காலியாக ஓட்டுவோம். நடுவில் ஒரு சோதனைத் தாள் வைப்போம். நீராவி எல்லா இடத்துக்கும் போயிருந்தால் தாள் முழுக்கக் கறுக்கும். உள்ளே காற்று தங்கியிருந்தால் அந்த இடம் வெளிறி நிற்கும். இன்று இரண்டாம் இயந்திரத்தின் தாளில் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறல்.

தியேட்டரிலிருந்து போன் மேல் போன். நெட்டை தயங்கித் தயங்கிச் சொன்னாள், "அக்கா, இன்னொரு தாள் வச்சு ஓட்டிப் பாக்கலாமா? ரெண்டாவது, மூணாவது தடவையில சரியா வந்தாலும் வந்துடும்."

எனக்குச் சுரீரென்று ஏறியது. "தாள் வெளுத்தா மிஷின மூடு. நல்லா வர்ற வரைக்கும் ஓட்டி, வந்தத எடுத்து ஃபைல்ல வைக்கறதுக்குப் பேரு சோதனையா? முதல் தாள் சொன்னதுதான் நெஜம்."

சொல்லி முடித்தேன். கையில் வெளிறிய தாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

முப்பத்தொன்று. ஐம்பத்தெட்டு. எண்பத்துநாலு. நல்லதாக வருகிற வரைக்கும் ஓட்டி, வந்ததை எடுத்து மேட்ரனிடம் கொடுத்தவள் யார்? ஒரு இயந்திரத்துக்கு நான் அனுமதிக்காததை எனக்கு நானே செய்துகொண்டிருக்கிறேன். அதுவும் ஓரம் மடங்காமல்.

பழுது பார்க்க வந்தவர் கதவு ரப்பரில் கீறல் என்றார். மயிரிழைதான், கண்ணுக்கே தெரியவில்லை. மதியம் மாற்றிவிட்டார். பொழுது முழுவதும் நெட்டை என் பக்கமே வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். என் கீறல் எங்கே என்று தெரிந்தாக வேண்டும். பையில் மடித்துப் போட்ட தாளை மூன்று பிரதி எடுத்தேன். அவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, நெட்டைக்கு ஒன்று. "உண்மையப் போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 12, புதன்

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சாலையில் எல்லோருக்கும் வழிவிட்டுப் பழகியவர், தாளிலும் அதையே செய்திருக்கிறார். அறுபது கேள்விக்கும் "சில நேரம்". அறுபதுக்கும்! "இவர் வேகமாகப் பேசுவார்" — சில நேரம். "இவருக்குப் புதிய இடங்கள் பிடிக்கும்" — சில நேரம். என்னங்க இது என்று கேட்டால், "யோசிச்சுத்தான் போட்டேன்" என்று செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நெட்டை தாளை மதியமே கொடுத்துவிட்டாள். கணினியில் ஏற்றிப் பார்த்தேன். இணக்கம் நூறு. பொறுமை பற்றிய கேள்வி, அன்பு பற்றிய கேள்வி, எல்லாவற்றிலும் முழு மதிப்பெண்.

முதலில் மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அப்புறம்தான் உறைத்தது. மாற்றல் கேட்கிறவள் நூறு போடுவாளா? வெளிறின தாளைவிட இந்த நூறு எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

மகளின் தாள். பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருடம். இவள் மட்டும்தான் வெவ்வேறு கட்டங்களில் குறி போட்டிருக்கிறாள். "இவர் உழைப்பாளி" — எப்போதும். "இவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார்" — எப்போதும். படிக்கப் படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்தேழில் நின்றுவிட்டேன்.

"மற்றவர்கள் தங்கள் தவறை இவரிடம் தயங்காமல் சொல்லலாம்."

ஒருபோதும் இல்லை. பேனாவை அழுத்திப் போட்டிருக்கிறாள், தாளின் பின்பக்கம் தடம் தெரிகிறது.

என் பழைய மூன்று முடிவுகளையும் கணினியில் தேடி எடுத்தேன். முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை, மூன்றிலும் முப்பத்தேழுக்கு நான் போட்டது "எப்போதும்". முப்பத்தொன்று வாங்கிய அன்றும் இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

போய்க் கேட்டேன். திட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு.

"நீ திட்ட மாட்டேம்மா. அதான் கஷ்டமே," என்றாள். "நான் துணி மடிச்சா நீ ஒண்ணும் சொல்லாம பிரிச்சு மறுபடி மடிப்பே. நான் பாத்திரம் கழுவுனா ஒண்ணும் சொல்லாம மறுபடி கழுவுவே. திட்டிட்டாக்கூடத் தேவல."

அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள். மூன்று மாதமாகக் கணக்குத் தாள்களில் அப்பாதான் கையெழுத்துப் போடுகிறார். நாற்பதைத் தாண்டவில்லை.

மூணு மாசம்! ஒரே வீட்டுல, ஒரே சோத்தத் தின்னுக்கிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து எங்கிட்ட மறைச்சிருக்காங்க. நான் என்ன பேயா, பிசாசா?

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு நாளாக ஒரே யோசனை. கீறல் அங்கேதான். நான் குரலை உயர்த்துவதில்லை, அதனால் நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி கண்ணெதிரே அவள் கட்டியதைப் பிரிக்கிறோமே, அது கன்னத்தில் அறைவதைவிடக் குறைவா?

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒரு அறுவைக்கு வேண்டிய கருவிகளை ஒருவர் ஒரு செட்டாக அடுக்குவார், இன்னொருவர் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார், இருவரும் கையெழுத்துப் போட்டதும் துணி சுற்றி டேப் ஒட்டுவோம். ஒட்டிய பிறகு யாரும் பிரிக்கக் கூடாது. அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். தினமும் மீறுகிறவளும் நான்தான். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து செட்டாவது பிரித்துவிடுவேன். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும், கத்தரிக்கோல்கள் நான் வைக்கிற சாய்வில் இருக்காது, அவ்வளவுதான்.

நாளையிலிருந்து ஒட்டிய டேப்பில் என் கை படாது. மாதக் கடைசிவரை இதை மட்டும் செய்வேன். வேறு பெரிய சபதம் எதுவும் வேண்டாம்.

மார்ச் 17, திங்கள்

கை அரிக்கிறது. கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றேன். நெட்டை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 18, செவ்வாய்

பிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் தாடை வலிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

பிரித்துவிட்டேன்.

நெட்டை சாப்பிடப் போயிருந்தாள். பதினாலாம் எண் செட், முப்பத்திரண்டு உருப்படி. கிளாம்ப் இடுக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்குமா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவே இல்லை. பிரித்து எண்ணினேன். முப்பத்திரண்டு. எல்லாம் ஒரே பக்கம். என்னைவிட நன்றாக அடுக்கியிருக்கிறாள். அவசர அவசரமாகச் சுற்றி, டேப் ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவள் வந்தாள். டேப்பைப் பார்த்தாள். அவள் ஒட்டினால் நுனியை மடித்துவிடுவாள், நான் மடிப்பதில்லை. அடுத்த தட்டை இழுத்துக்கொண்டாள்.

எவ்வளவு கேவலம். திருடின மாதிரி. இன்னும் பதினோரு நாள் இருக்கு, சபதம் போட்ட நாலாவது நாளே இப்படி.

மார்ச் 21, வெள்ளி

மனசைக் கல்லாக்கிக்கொண்டு காலையில் கழுவும் தொட்டியருகே அவளிடம் போனேன். "நேத்து பதினாலாம் செட்டப் பிரிச்சேன். சரியாத்தான் இருந்துச்சு. பிரிச்சது என் தப்பு."

அவள் கையில் பிரஷ் அப்படியே நின்றது. ஐந்து வருடத்தில் இப்படி ஒன்றை என் வாயிலிருந்து கேட்டதில்லை போலிருக்கிறது. ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று, முழுவதையும் கொட்டிவிட்டேன். சோதனையை மூன்று தடவை எழுதியது, முப்பத்தொன்று, மேட்ரனிடம் கொடுத்த எண்பத்துநாலு, எல்லாவற்றையும்.

"மூணு தடவையா அக்கா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்கவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. எனக்கு அசடு வழிந்தது, ஆனாலும் நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள். போன வருடம் சின்னக் கத்தரிக்கோல் ஒன்று காணோம் என்று இரண்டு நாள் பிரிவையே தலைகீழாகப் புரட்டினோம். அது அவள் கையிலிருந்துதான் விழுந்ததாம். நுனி உடைந்துவிட்டது. இன்றுவரை அவள் லாக்கரில் இருக்கிறது.

"நீயும் கூடச் சேர்ந்து தேடுனியேடி!"

"தேடுனேன் அக்கா. குனிஞ்சு குனிஞ்சு தேடுனேன்."

ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் கோபம் அவள் மேல் அதிக நேரம் நிற்கவில்லை. இது உடைந்த கத்தரிக்கோல், லாக்கரில் கிடந்தது. சொல்லாமல் விட்டது நோயாளியின் மேசைக்குப் போகிற ஒன்றாக இருந்திருந்தால்? என்னிடம் சொல்லப் பயந்து இந்தப் பிரிவில் இன்னும் என்னென்ன மறைந்து கிடக்கிறது? ஒன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் காவல் காத்தது எதை?

"திங்கக்கிழமை கொண்டா, கழிவுல எழுதிடலாம்" என்று மட்டும் சொன்னேன். மாற்றலைப் பற்றிக் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அதையும் அவள் கையிலிருந்து பிடுங்குவது போலாகும்.

மார்ச் 23, ஞாயிறு

மகள் பாத்திரம் கழுவினாள். வாணலியின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தேன். விட்டுவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

கணக்கில் முப்பத்தெட்டு. தாளை அவளே கொண்டுவந்து, பேனாவோடு நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். எந்த இடத்தில் விட்டது என்று கேட்டேன். பாதிக்கு மேல் எனக்கே புரியவில்லை, இருந்தாலும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பூனை நடையில் திரும்பிப் போனார்.

மார்ச் 27, வியாழன்

இன்று காலை ஏழே முக்காலுக்கு நெட்டை என் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. உள்ளங்கையில் ஒரு சின்ன அட்டைப் பட்டை.

ஒவ்வொரு செட்டுக்குள்ளும் அப்படி ஒரு பட்டை வைப்போம். நீராவி உள்ளே போனதற்கு அதுதான் சாட்சி. தியேட்டரில் பிரிக்கும்போது பட்டை இல்லாவிட்டால் அந்த செட்டைத் தொடவே கூடாது.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான். நேத்து ஆறு செட் போட்டேன், பட்டையும் ஆறுதான் எண்ணி எடுத்தேன். ஒண்ணு என் கோட்டுப் பையில இருக்கு. எந்த செட்டுன்னு தெரியல."

ஆறு செட்டும் மாடியில் தியேட்டருக்குப் போய்விட்டன. முதல் அறுவை எட்டரைக்கு.

உள்ளே என்னென்னவோ பொங்கியது. எழுத மாட்டேன். "சொன்னது நல்லதாப் போச்சு. வா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தியேட்டருக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னேன். ஆறையும் கீழே இறக்கி இருவருமாகப் பிரித்தோம். ஒட்டிய டேப்பில் கை படாது என்று சபதம் போட்டவள், ஒரே காலையில் ஆறு! ஐந்தாவதில் பட்டை இல்லை.

பட்டியலைப் பார்த்தேன். அடுக்கியவர் இடத்தில் நெட்டையின் கையெழுத்து. சரிபார்த்தவர் இடத்தில் என்னுடையது.

நேற்று நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தலையிடாமல் இருப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன். டேப் ஒட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது என் வேலை. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தொண்ணூற்றேழில் விட்டுப்போன மூன்று எங்கே என்று தெரிந்துவிட்டது. அவளிடம் அந்த இடத்தைக் காட்டினேன்.

எல்லாவற்றையும் மறுபடி கட்டி, இயந்திரத்தில் ஏற்றி அனுப்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அறுவை மருத்துவர் போனில் காது கிழியக் கத்தினார். யார் கட்டியது என்று கேட்டார். "என் பிரிவு, டாக்டர். செக் பண்ணது நான்" என்றேன். நெட்டை பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மயக்க மருந்து கொடுத்து, நோயாளியை மேசையில் படுக்க வைத்த பிறகு அந்த ஐந்தாவது செட்டைத் திறந்திருந்தால்? திறக்கவில்லை. அவள் சொன்னாள்.

மார்ச் 28, வெள்ளி

மேட்ரனிடம் நேற்று நடந்ததை எழுதிக் கொடுத்தேன், என் பங்கையும் சேர்த்து. திட்டு வாங்கினேன், நியாயமான திட்டு. போகும் முன் என் பழைய முடிவைத் திருப்பிக் கேட்டேன். எண்பத்துநாலை வாங்கிக்கொண்டு முப்பத்தொன்றைக் கொடுத்தேன். "முதல் தடவை வந்தது இதுதான் மேடம்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நெட்டையின் மாற்றலில் திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போவதாக மட்டும் சொன்னார்.

மார்ச் 30, ஞாயிறு

அவள் போனால் போகட்டும். போனாலும் நான் பழையபடி ஆக மாட்டேன்.

மார்ச் 31, திங்கள்

காலையில் ஏப்ரல் மாதப் பணி அட்டவணையைப் போட்டேன். கோடு எல்லாம் அளவுகோல் வைத்து. நெட்டையின் வரிசையில் எதையும் எழுதாமல் விட்டு, மேசை மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

தியேட்டரில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பும் வழியில் மேட்ரன் அறை. உள்ளே போகவில்லை. கால் தயங்கியது, ஆனால் போகவில்லை.

கீழே வந்தால் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். நெட்டை முதுகைக் காட்டிக்கொண்டு கிளாம்ப் அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் எனக்கு நூறு போட்டுக் கொடுத்த கேள்வித்தாள், என் இழுப்பறையில் கிடந்தது, இப்போது மேசை மேல் இருந்தது. பழைய குறிகளை அவள் மாற்றவில்லை, முப்பத்தேழாவதை மட்டும் அடித்துவிட்டு வேறு கட்டத்தில் போட்டிருந்தாள். "சில நேரம்."

அதன் அடியில் அட்டவணை. காலியாக விட்ட வரிசையில் முப்பது நாளுக்கும் அவளே எழுதியிருந்தாள். பச்சை மையில், பேர் இருக்க வேண்டிய இடத்தில் "நெட்டை" என்று. எழுத்து கோணல், இரண்டு இடத்தில் கட்டத்தைத் தாண்டிவிட்டது, பதினேழாம் தேதியில் அடித்துத் திருத்தல் வேறு.

வெள்ளைத் தாள் அலமாரியில் இருந்தது. அளவுகோலும் கையருகே இருந்தது. நான் டேப்பை எடுத்து, அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டினேன்.